பால் டம்ளருக்கும் தலையணைக்கும் நடுவே

போன வருஷம், சித்திரைத் திருவிழா முடிந்து மதுரை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்ட வாரம். ராத்திரி இரண்டே கால் மணிக்கு வலது பக்கக் கீழ்த்தாடை என்னை எழுப்பியது. நெஞ்சு எத்தனை முறை துடிக்கிறதோ அத்தனை முறை பல்லும் துடித்தது. எழுந்து உட்கார்ந்தால் சற்று அடங்கும். படுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ராத்திரி வேறு வேலை இல்லாததால் வலி பெரிதாகத் தெரிகிறது என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மையாம். பல்லுக்கு நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள ஒரு சிறிய அறை இருக்கிறது. நாலு பக்கமும் கெட்டிச் சுவர், வீங்க இடமே கிடையாது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாக வரும், அந்தக் குட்டி அறைக்குள் அழுத்தம் ஏறும், கூடவே வலியும் ஏறும். தலையணையை இரண்டாக அடுக்கிச் சாய்ந்துகொண்டால் குறைவது அதனால்தான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அடுப்படி விளக்கைப் போட்டு, மசாலா டப்பாவைக் குடைந்து ஒரு கிராம்பு எடுத்து, வலிக்கிற பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற எண்ணெய் கொஞ்ச நேரத்துக்கு மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் பசையிலும் அது உண்டு. ஆக, பாட்டி வைத்தியம் முழுப் பொய் இல்லை. ஆனால் வலியை மறைக்குமே தவிர ஓட்டையை அடைக்காது. சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள்.

"என்னப்பா, பல்லா?"

"ஆமாம்மா."

"வெதுவெதுன்னு கொஞ்சம் பால் தரட்டுமா? தூக்கம் வரும்."

பனங்கற்கண்டு போட்ட அந்தப் பாலையும், அதைக் குடித்துவிட்டுத் தூங்கும்போது பல்லுக்கு என்ன ஆகிறது என்பதையும் பற்றித்தான் இதில் சொல்லப்போகிறேன்.

மறுநாள் பல் டாக்டரிடம் போனேன். என் அக்கா மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் "நாற்பத்தாறு" என்றார். என் வயதைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது பல்லின் எண். வாயை நாலு பாகமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். வலது கீழ்ப் பாகம் நாலு, அதில் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். ஆறு வயது வாக்கில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் அது. பால்பற்கள் ஒன்றும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்வதால் பல வீடுகளில் அதையும் பால்பல் என்றே நினைத்துக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு நாற்பது வருஷம் உழைத்திருக்கிறது.

"ராத்திரி பல் தேய்ப்பீங்களா சார்?"

"காலையில நல்லா தேய்ச்சிடுவேன் டாக்டர்."

"நான் காலையைப் பத்திக் கேக்கலையே சார்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், ராத்திரி பல் தேய்ப்பதெல்லாம் டிவி விளம்பரத்தில் வரும் குடும்பங்களின் வேலை என்றுதான் எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. நம் வீடுகளில் காலைப் பல் துலக்கல் ஏறக்குறைய மதம் மாதிரி. பல் விளக்காமல் பச்சைத்தண்ணீர் பல்லில் படக் கூடாது, காபிக்குக் கை நீட்டக் கூடாது. தாத்தா வேப்பங்குச்சியோடு வாசல் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அப்பா உள்ளங்கையில் ரோஸ் கலர் கோபால் பல்பொடியைக் கொட்டிக்கொண்டு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். நாக்கு வழிக்கும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லிக் கொடுத்தார்கள், சரி. எப்போது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பழைய ஒழுக்க நூலான ஆசாரக்கோவையிலேயே "நாளந்தி கோல்தின்று" என்றுதான் வருகிறது. விடியற்காலையில் குச்சியால் பல் துலக்கு என்று அர்த்தம். மாலை அந்திக்கும் அதே பாட்டில் விதி உண்டு. ஆனால் அங்கே குச்சி கிடையாது.

அந்தக் காலத்தில் அது போதுமானதாக இருந்திருக்கலாம். இருட்டியதும் சாப்பிட்டுப் படுத்தார்கள், சீனி அபூர்வம். நாம் பத்தரை மணிக்குத் தோசை சாப்பிட்டு, பதினொன்றுக்கு மிக்சரைக் கொறித்து, பால் குடித்து, போனைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறோம். அப்புறம் காலையில் எழுந்து பத்து நிமிஷம் தேய்க்கிறோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதேதான்.

டாக்டர் எனக்குச் சொன்னதில் என்னை உலுக்கியது எச்சில் விஷயம். எச்சில் என்றாலே நமக்குத் தீட்டு. எச்சில் கை, எச்சில் இலை என்று ஒதுக்கியே பழகிவிட்டோம். ஆனால் பல்லைக் காவல் காப்பது அதுதான். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. சாப்பிட்டதும் பல் மேல் படிந்திருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் ஏற ஏற அதை அளக்கும் பிஎச் எண் இறங்கும். அது 5.5க்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். எச்சில் வந்து கழுவி, அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் கொடுக்கும். 1940களில் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் வாயில் பட்ட சில நிமிஷங்களிலேயே அமிலம் சரசரவென்று ஏறிவிடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த மேடு பள்ளக் கோட்டை இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரில்தான் படிக்கிறார்கள்.

அரை மணி, ஒரு மணி என்பதெல்லாம் விழித்திருக்கும்போது. தூங்கினால் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றேபோகிறது. விழுங்குவதும் குறைந்துவிடுகிறது. பகலில் கழுவிப்போகும் அதே சர்க்கரை, ராத்திரி கேட்பாரில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறவர்களுக்கு இருக்கிற கொஞ்ச ஈரமும் காய்ந்துபோகும்.

இப்போது பாலுக்கு வருகிறேன். வெறும் பால் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் மெதுவாகத்தான் அமிலமாகும், பாலின் கால்சியமும் புரதமும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் காலத்தில் வெறும் பால் குடித்தோம்? பனங்கற்கண்டு போடாமல் அம்மா டம்ளரைக் கையில் தரமாட்டாள். அது உடம்புக்குக் குளிர்ச்சி, சீனி மாதிரி கெடுதல் இல்லை என்பது அவள் கட்சி. பல்லில் உட்கார்ந்திருக்கும் கிருமிக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, வெள்ளைச் சீனி என்ற பேதமெல்லாம் தெரியாது. மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். அதைக் குடித்துவிட்டு நாலு நிமிஷத்தில் படுத்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து.

இதைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டே போனபோதுதான் ஸ்வீடன் கதை கண்ணில் பட்டது. லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் விபெஹோல்ம் என்ற மருத்துவமனை. மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்துப் பராமரித்த இடம். 1945இலிருந்து பத்தாண்டுகள் அங்கே பல் சொத்தையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரைத் தண்ணீர், இன்னொரு பிரிவினருக்கு இனிப்பு ரொட்டி, வேறு சிலருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே, பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்த டாஃபி மிட்டாய். டாஃபி தின்றவர்களின் பற்கள் சரமாரியாகச் சொத்தையாயின. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே முக்கியம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெரியாதவர்களின் வாயைக் கெடுத்துக் கண்டுபிடித்த உண்மை அது. மிட்டாய்க் கம்பெனிகளின் பணமும் அந்த ஆராய்ச்சியில் இருந்தது. இனிப்பைச் சனிக்கிழமை மட்டும் மொத்தமாகத் தின்று தீர்த்துவிடும் வழக்கம் ஸ்வீடனில் வேரூன்றியது இதன் பிறகுதான். குழந்தைகள் பை நிறைய மிட்டாய் வாங்கும் படங்களைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்த மருத்துவமனையின் பெயர் தெரிந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

இதைப் படித்த அன்று ராத்திரி அம்மாவைப் பார்த்தேன். இருமல் மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வாய் வறள்கிறது என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லிக் கொடுத்த உபாயம். ரத்த அழுத்தம், அலர்ஜி, மன அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பலவும் எச்சிலைக் குறைக்கும். ஏற்கெனவே எச்சில் குறைந்த வாயில் ராத்திரி முழுக்கக் கரையும் சர்க்கரைக் கட்டி! "அம்மா, அதைத் துப்பிடும்மா" என்றேன். "ஒரு மிட்டாயில என்ன வந்துரப் போவுது?" என்றாள். தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் வைத்தேன், வாய் காய்ந்தால் ஒரு மடக்குக் குடிக்கட்டும் என்று. மாத்திரையை மாற்ற முடியுமா என்று அவளுடைய டாக்டரிடம் கேட்டோம், நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார். மிட்டாய் டப்பா இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அம்மாவுக்குக் கை எட்டாத உயரம் அது.

சரி, ராத்திரி பல் தேய்க்க ஆரம்பித்தேன். ஏதோ பெரிய சாதனை போலப் பத்து நாள் கழித்து டாக்டரிடம் சொன்னேன். எப்படித் தேய்க்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். காட்டினேன். பாத்திரம் துலக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். மென்மையான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தேய்த்தால்தான் புரியும். நான் அதுவரை முக்கால் நிமிஷத்தில் முடித்துக்கொண்டிருந்தேன்.

அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகவே முடியாமல் போராடியது வேறொன்று. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பலாம், வாயைக் கொப்பளிக்கக் கூடாது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொப்பளிக்காமலா? ஏழு தடவை கொப்பளித்து, தொண்டை வரைக்கும் தண்ணீரை ஓட்டி, அண்ணாந்து கரகரவென்று சத்தம் எழுப்பினால்தானே நமக்குப் பல் தேய்த்த திருப்தி! ஆனால் காரணம் நியாயமாக இருந்தது. பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு பல் மேல் தங்கியிருந்தால்தான் கரைந்த எனாமலை மறுபடி கெட்டிப்படுத்தும். தண்ணீர் விட்டு அலசினால் அத்தனையும் வாஷ்பேசினில். ராத்திரி எச்சில் குறைவு என்பது இந்த ஒரு இடத்தில் மட்டும் நமக்குச் சாதகம். சர்க்கரையைக் கழுவ ஆளில்லாதது போலவே ஃப்ளோரைடைக் கழுவவும் ஆளில்லை, கூடுதல் நேரம் தங்கும். முதல் வாரம் வாய் பிசுபிசுவென்று புதினா வாடையோடு படுத்தேன். ஏதோ பாவம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் பழக்க தோஷத்தில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, "அடடா" என்று மறுபடி பேஸ்ட் எடுத்தேன்.

ஃப்ளோரைடு என்றதும் ஆபீஸில் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்குப் பென்னாகரம் பக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை நிரந்தரமாக விழுந்துவிடும், எலும்பையும் பாதிக்கும். அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகும் திட்டம் போட்டு 2013இல் தொடங்கிவைத்தார்கள். "எங்க ஊர்ல அதை எடுக்கறதுக்கு ஆயிரக்கணக்கான கோடி செலவு, நீங்க காசு கொடுத்துப் பூசிக்கறீங்களா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. விழுங்குவதற்கும் பூசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே விஷயம். வருஷக்கணக்காகக் குடித்தால் கேடு, பட்டாணி அளவு பல்லில் தடவித் துப்பினால் காப்பு. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் கொலராடோ பக்கம் இதே பழுப்புக் கறைப் பற்களை ஆராயப் போனபோதுதான் அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைக் கவனித்தார்கள். காரணம் ஃப்ளோரைடு என்பது 1931இல் தெரிந்தது. பேஸ்ட்டுக்குள் அது வந்து சேர்ந்ததன் தொடக்கமே அங்கேதான். நம் நாட்டில் பேஸ்ட்டில் பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்குக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது சட்டம். மூலிகை என்று பச்சை அட்டையில் வருகிற பலவற்றில் அது துளியும் இருக்காது. நான் பல வருஷமாக வாங்கியது அந்த ரகம். அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்ததே இல்லை.

பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் யோக்கியன் இல்லை. இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில் பிரஷ் போகாது. என் நாற்பத்தாறு கெட்டதும் அந்த இடுக்கில்தான் ஆரம்பித்தது. நூலை விரலில் சுற்றி உள்ளே விட்டால் முதல் நாலைந்து நாள் ஈறில் ரத்தம் வரும். பயந்து விட்டுவிடுகிறோம். வீங்கிய ஈறில்தான் ரத்தம் வரும், தொடர்ந்து செய்தால் நிற்கும். வாரத்துக்கு நாலு நாள் செய்கிறேன். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் என்னைப் போல் சோம்பல் படக் கூடாது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

அக்கா ஊரிலிருந்து பேரனோடு வந்திருந்தாள். பையனுக்கு இரண்டு வயது. பால் பாட்டிலை வாயில் வைத்தால்தான் தூங்குவான். தூங்கிய பிறகும் பாட்டில் வாயிலேயே இருக்கும். சிரித்தான், மேல்வரிசை முன்பற்கள் நாலும் ஓரம் கறுத்து அரித்திருந்தன. கீழ்ப்பற்கள் பளிச்சென்று இருந்தன. நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது, நாக்குக்கு அடியில் உள்ள எச்சில் சுரப்பிகளும் அங்கேதான் திறக்கின்றன. மேலே அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் இந்தக் கணக்கு. அக்காவிடம் சொன்னேன்.

"பால்பல்லுதானேடா, விழுந்து முளைக்கும்."

"முன்பல்லு ஆறு ஏழு வயசுல விழும்க்கா. கடைவாய்ப் பால்பல்லு பத்துப் பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்கணும். அதுவும் இப்படிப் போச்சுன்னா எதை வச்சுச் சாப்பிடுவான்?"

அவளுக்குக் கோபம்தான். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரியே பாட்டிலில் பாலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளை வீட்டையே இரண்டாக்கிவிட்டான். மூன்றாம் நாள் மாமா எழுந்து உட்கார்ந்து, "பல்லு போனா போவுது, அவனுக்குப் பாலக் குடுத்துத் தொலைங்க" என்றார். அக்கா கொடுக்கவில்லை. பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்து, ஒரு மாதத்தில் வெறும் தண்ணீராக்கிவிட்டதாகப் போனில் சொன்னாள். படுக்கும் முன் அரிசி மணியளவு பேஸ்ட்டும் வைக்கிறாளாம்.

என் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, மூன்று முறை அந்த நாற்காலியில் படுத்து எழுந்து, மேலே கேப் போட்டாகிவிட்டது. பால் இப்போதும் உண்டு. அம்மாவோடு பேசி நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். சாப்பிட்ட கையோடு ஒன்பது மணிக்குப் பால், அப்புறம் அரை மணி கழித்துப் பிரஷ், அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் இல்லை. பனங்கற்கண்டு பாதியாகக் குறைந்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். நாக்கு அப்படிச் சொல்லவில்லை.

அப்பாதான் கடைசியாக வழிக்கு வந்தார். அவருக்குக் கழற்றி மாட்டுகிற பல்செட். ஏழு வருஷமாக அதைப் போட்டுக்கொண்டேதான் தூங்கினார். "நடுராத்திரி யாராவது வந்து கதவத் தட்டுனா பொக்கை வாயோடவா போய் நிக்கிறது?" என்பார். நடுராத்திரி யாரும் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 2015இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். சராசரி வயது எண்பத்தெட்டை நெருங்கும் 524 முதியவர்களை மூன்று வருஷம் கவனித்ததில், பல்செட்டைக் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்ததாம். பல்செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் ராத்திரி முழுக்க வளரும் கிருமிகள் மூச்சோடு நுரையீரலுக்கு இறங்குவதுண்டு. அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல், அவராகவே கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார்.

பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பல்செட்டில் கீறல் விழும் என்பதால் சோப்பும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவுகிறார். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுகிறார். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தது எவர்சில்வர் டம்ளர், அதுவும் அம்மா பால் ஆற்றும் அதே செட் டம்ளர். எங்கள் வீட்டில் அந்த மாதிரி ஆறு உண்டு. அம்மா ஒரு வாரம் சத்தம் போட்டாள், அப்பா அசையவில்லை. இப்போது அந்த ஒரு டம்ளரில் மட்டும் என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறது. விருந்தாளிகள் யார் வந்து தங்கினாலும், பாத்ரூம் எங்கே என்று காட்டுவதற்கு முன்பே அம்மா அதைக் காட்டிவிடுகிறாள்.